கை நுழையும் வழி

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகும் ரயில் உச்சிப்புளியைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பனைமரங்களும் கருவேலமுமே தெரியும். கடல் கண்ணில் படாது. ஆனால் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் தெற்குக் கடலின் உப்பு ஊருக்குள் வரும். வாடை திரும்பினால் வடக்குக் கடலின் உப்பு வரும். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் உப்போடு வருகிற ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில்தான் இந்தியக் கடற்படை தன் விமானத்தளத்தை வைத்திருக்கிறது. 2009-இல் ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரில் முறைப்படி தொடங்கப்பட்ட அந்தத் தளம், அதற்கு முன்பே சிறிய அளவில் இயங்கிவந்தது. அங்கிருந்து ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் பறந்திருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு முதல் எதிரி எதிரி நாட்டுக்காரன் இல்லை, இந்தக் காற்றுதான்.

இந்தக் காற்றின் குணத்தை ஆராயவென்றே அறிவியல் கூடமும் இங்கே உண்டு. காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உச்சிப்புளிக்கு அடுத்துள்ள மண்டபத்தில் உலோக அரிப்பைச் சோதிக்கும் நிலையம் ஒன்றை நடத்திவருகிறது. உலோகத் துண்டுகளைச் சட்டங்களில் மாட்டிக் காற்றில் விட்டுவிடுவார்கள். மாதங்கள், ஆண்டுகள் கழித்து எடுத்து எடை போட்டு, எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். உலகிலேயே மிகக் கடுமையாக உலோகத்தை அரிக்கும் இடங்களின் வரிசையில் மண்டபம், பாம்பன் பகுதியின் பெயர் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு.

இப்போது ஒரு கற்பனை. உச்சிப்புளியில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் இரண்டு இருக்கை கொண்ட சிறு விமானத்தைத் தன் கையாலேயே கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் நினைத்தபோது பறந்துவிட முடியாது. அனுமதி, வான்வெளிக் கட்டுப்பாடு எல்லாம் தனிக்கதை. ஆனால் கட்டுவது கற்பனைக்கு அப்பாற்பட்டதில்லை. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றை உருவாக்கினார். 2016-இல் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2017-இல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் பதிவும் கிடைத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் கட்டிய விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. வேன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்.வி. வகைப் பெட்டிகளை வாங்கிக் கட்டி முடித்துப் பறந்தவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்.

நம் உச்சிப்புளிக்காரருக்குச் சிறகின் எலும்புக்கூடு தயாராகிவிட்டது. நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு போன்ற ஸ்பார், குறுக்கே நிற்கும் ரிப், அவற்றின் மேல் முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு. மேல்தகடு ரிவெட் அடித்தாயிற்று. கீழ்த்தகடுதான் பாக்கி. அதை அடித்துவிட்டால் சிறகு மூடிய பெட்டி. கீழ்த்தகட்டில் ஆங்காங்கே வட்டமாக வெட்டி, திருகாணியால் பேனல் வைத்து மூடலாம். அப்படி வைத்தால் பின்னாளில் திறந்து உள்ளே பார்க்க முடியும். வைக்காமல் தகட்டை முழுசாகவும் அடிக்கலாம். வேலை குறையும், எடை குறையும், பார்க்கவும் வழவழவென்று அழகாக இருக்கும். எது சரி?

பேனல் வேண்டாம் என்று சொல்பவர்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் பக்கம் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மூடியில்லாமல் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். துணியைப் பிழிவதுபோல் வளைந்துகொடுக்கும். அதே பெட்டிக்கு மூடி போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது. அட்டை அதேதான், எடை கூடியது மூடியளவுதான். ஆனால் முறுக்கு விசை இப்போது நான்கு சுவர்களையும் சுற்றிவந்து ஒரு வளையமாக ஓடுகிறது. மூடி இல்லாதபோது அந்த வளையம் அறுந்துகிடந்தது. விமானச் சிறகின் தகடு வெறும் போர்வை கிடையாது. பறக்கும்போது சிறகை முறுக்கும் விசையைச் சுமப்பதே அந்தத் தகடுதான். அதில் துளை போட்டால் விசையின் பாதை அறுகிறது. முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு மிகவும் குறைந்துபோனால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறகு தானாகவே படபடக்கத் தொடங்கும். ஃப்ளட்டர் என்று விமானிகள் அஞ்சும் அந்த நிலையில் சில நொடிகளில் சிறகு கிழிந்துவிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத்துளை இருந்தால், துளையின் விளிம்பில் இழுவிசை மற்ற இடங்களைவிட மூன்று மடங்காகும். இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ், 1898-இல். வட்டத்துக்கே மூன்று மடங்கு என்றால், கூர்மூலையுள்ள சதுரத் துளைக்கு இன்னும் மோசம். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அடுத்தடுத்து மத்தியதரைக்கடல் பகுதியில் நொறுங்கி விழுந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். உடலில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைகளிலிருந்தே வெடிப்பு புறப்பட்டது தெரியவந்தது. ஒரு திறப்பை எங்கே வெட்டுகிறோம், எந்த வடிவத்தில் வெட்டுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது.

ஆனால் இந்த இரண்டு சிக்கலுக்கும் பழைய, நம்பகமான தீர்வு இருக்கிறது. துளை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்க வேண்டும். ஸ்பாரை ஒட்டி வெட்டாமல் இரண்டு ரிப்புகளுக்கு நடுவில் வெட்ட வேண்டும். துளையைச் சுற்றி உட்பக்கமாக இன்னொரு தகட்டு வளையத்தை ரிவெட் அடிக்க வேண்டும். இதை டப்ளர் என்பார்கள். வெட்டியெடுத்த தகடு சுமந்த விசையை இனி இந்த வளையம் சுற்றிக் கொண்டுபோகும். மூடியே விசையையும் சுமக்கும்படி வடிவமைப்பதும் உண்டு. அப்போது திருகாணிகள் நெருக்கமாக வரும். அதில் இரண்டை மறந்துவிட்டுப் பறப்பது கவனக்குறைவு என்ற அளவில் நிற்காது, சிறகின் உறுதியிலேயே கை வைப்பதாகும். எடையோ பேனல் ஒன்றுக்குக் கிராம் கணக்கில்தான். பத்துப் பேனல் வைத்தாலும் மொத்தம் ஒன்றிரண்டு கிலோ கூடும். சிறகின் கீழ்ப்பக்கம் வைப்பதால் காற்று இழுப்பும் பெரிதாகக் கூடாது. இந்தக் கணக்கில் பேனல் வேண்டாம் என்ற வாதம் பாதி வலுவை இழந்துவிடுகிறது. மீதிப் பாதியை உச்சிப்புளிக் காற்று பார்த்துக்கொள்ளும்.

அந்தக் காற்று அலுமினியத்தை என்ன செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம் வீடுகளில் சொல்வது பாதி உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகி அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கிறது. விமானத்துக்குப் பயன்படுவது வெறும் அலுமினியமும் அல்ல. 2024 என்ற எண்ணால் அழைக்கப்படும் கலவையில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் செம்பு இருக்கிறது. வலிமையைத் தருவது அந்தச் செம்புதான். ஆனால் செம்பு செறிந்த துகள்களும் சுற்றியுள்ள அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பேட்டரிகளாகிவிடும். அலுமினியம் கரையத் தொடங்கும். இதைத் தடுக்கத் தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியப் பூச்சு ஒட்டியிருப்பார்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ ஐந்து சதவீதத் தடிமன், அதாவது நம் தகட்டில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் நான்கு பங்கு. கட்டுபவர் தகட்டை வெட்டிய விளிம்பிலும், ரிவெட்டுக்குத் துளைத்த ஒவ்வொரு ஓட்டையிலும் அந்தப் பூச்சு கிடையாது. ஒரு சிறகில் அப்படிப்பட்ட ஓட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

வெயில் கொளுத்தும் ஊரில் ஈரம் எங்கிருந்து வரும்? சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் மேசை உப்பு ஜாடிக்குள்ளேயே கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தக் கடற்கரையில் இரவுதோறும் ஈரப்பதம் ஏறுகிறது. சிறகின் வெளிப்பக்கத்து உப்பை மழையோ, வாளித் தண்ணீரும் துணியுமோ கழுவிவிடும். உட்பக்கத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெப்பத்தில் சிறகின் உட்காற்று விரிந்து வெளியேறுகிறது, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உப்போடு உள்ளே இழுக்கிறது. நாளுக்கு ஒரு மூச்சு. முழுக்க மூடினால் உப்பு உள்ளே வராது என்று நினைப்பவர் இதை மறந்துவிடுகிறார். ரிவெட் அடித்த சிறகு காற்றுப்புகாத டப்பாவாக ஒருநாளும் இருக்காது.

ஒரு பேனலைக் கழற்றிப் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். திருகாணியைச் சுற்றும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. எஃகுத் திருகாணி அலுமினியத்தோடு பிணைந்துபோய் அசைய மறுத்தால், அங்கே இரு உலோகங்களும் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். மூடி வந்ததும் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் மேடு பள்ளம் தெரியாது. ரிப்பும் தகடும் சேரும் இடுக்கில் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா? அது அலுமினியம் கரைந்து மிஞ்சிய கசடு. உலோகத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், இடுக்குக்குள் பெருகித் தகட்டை ரிவெட்டுகளுக்கு நடுவே தலையணைபோல் உப்ப வைக்கும். ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழைந்திருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து உரசுகிறது. சிறகின் மிகத் தாழ்ந்த மூலையில் நீர் வடியும் துளை தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு, விமானத்தைச் சாய்க்கும் அசையும் மடலான ஐலரானை இயக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோல்: அதன் போல்ட்டை அசைத்துப் பார்த்து, நட்டில் பூட்டுக் கம்பியோ காட்டர் பின்னோ இருக்கிறதா என்று கண்ணால் உறுதிசெய்ய வேண்டும். பைலட்டின் கையிலிருந்து சிறகு வரை ஓடும் கட்டுப்பாடு முழுவதும் அந்த ஒரு நட்டை நம்பியிருக்கலாம்.

பெல்கிராங்க் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துளை போட்டிருக்கிறேன் என்றால் மட்டும் போதாது. கை நுழைய வேண்டும், கையோடு ஸ்பேனரும் நுழைய வேண்டும், கை உள்ளே இருக்கும்போது கண்ணும் பார்க்க வேண்டும். மணிக்கட்டு வரை நுழைந்தால் பார்வை மறைகிற துளைகள் பல விமானங்களில் உண்டு. அங்கே மெக்கானிக் தடவலை நம்பி வேலை செய்ய நேர்கிறது. கட்டுபவர் கீழ்த்தகட்டை அடிக்கும் முன்பே, அட்டையில் துளை வெட்டி இடத்தில் ஒட்டி, கைவிட்டு அந்த நட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது. இதைச் செய்யச் சொல்லி எந்த வரைபடத்திலும் எழுதியிருக்காது.

சரி, கட்டும்போதே உள்ளே நல்ல ப்ரைமர் அடித்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் திறக்க வேண்டிய தேவையே வராதே என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. இதற்கு விமான உலகம் பல முறை விலை கொடுத்துப் பதில் வாங்கியிருக்கிறது. பறக்கும் பயிற்சிப் பள்ளிகளில் உலகெங்கும் பயன்படும் பைப்பர் பி.ஏ.-28 வகை விமானத்தின் முதன்மை ஸ்பாரில், எளிதில் பார்க்க முடியாத ஒரு பகுதியில் அரிப்பு இருப்பதாக அறிக்கைகள் வந்தன. 2020-இல் அமெரிக்க விமான நிர்வாகம், எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. பார்க்க வழியில்லாத சிறகுகளில் தகட்டை வெட்டிப் பேனல் பொருத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையில் தேர்ந்த பொறியாளர்கள் வடிவமைத்த விமானம் அது. பல பத்தாண்டுகள் கழித்து எந்த இடத்தைப் பார்க்கத் தேவை வரும் என்பது அவர்களுக்கும் அன்று தெரியவில்லை. பயன்பாட்டில் இருக்கும் விமானத்தின் சிறகை மல்லாந்து படுத்துக்கொண்டு வெட்டுவது, மேசைமேல் கிடக்கும் தகட்டை வெட்டுவதைவிட எவ்வளவோ கடினம். உள்ளே விழும் ஒவ்வொரு பிசிறையும் பொறுக்கியெடுக்க வேண்டும்.

வீட்டில் கட்டும் விமானங்களிலும் இதே கதைதான். வேன்ஸ் நிறுவனம் 2023-இல், லேசரால் வெட்டிக் கொடுத்த பாகங்களின் ரிவெட் துளைகளில் வெடிப்பு வரலாம் என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தப் பாகங்களைப் பலர் தங்கள் விமானங்களில் அடித்து மூடியிருந்தார்கள். எங்கெங்கே அந்தப் பாகம் இருக்கிறது, அதை எட்ட வழி உண்டா என்பது ஒரே நாளில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்த கேள்வியாயிற்று. அந்த நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போக நேர்ந்த காரணங்களில் அதுவும் ஒன்று.

மரத்தில் கட்டுபவர்களும் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1944-இன் கடைசி மாதங்களில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் மஸ்கிட்டோ விமானங்களில் சிறகுகள் பறக்கும்போதே பிய்ந்து விபத்துகள் நேர்ந்தன. அது பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆன விமானம். பறப்பதை நிறுத்தி ஆராய்ந்தபோது, ஸ்பாரும் மேல்பலகையும் சேரும் ஒட்டுகள் விட்டுப்போயிருந்தன. நம் வெப்பமும் ஈரமும் பசையைக் கெடுத்தனவா, தொழிற்சாலையில் ஒட்டியதே சரியில்லையா என்று நீண்ட வாதம் நடந்தது. ஒட்டு உள்ளே இருந்ததால் வெளியிலிருந்து பார்த்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை.

இந்தியாவில் வீட்டில் விமானம் கட்டுபவருக்கு இன்னொரு தனிச் சுமை உண்டு. அவர் பெரும்பாலும் தனி ஆள். அதே வகை விமானத்தைக் கட்டிய இன்னொருவர் பக்கத்து மாவட்டத்தில் இருக்க மாட்டார். பிரிட்டனில் வீட்டில் கட்டும் விமானத்தை, தகடு மூடும் முன்பே அப்படிக் கட்டுவோர் சங்கத்தின் ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திடுவார். இங்கே அப்படி அனுபவமுள்ள கண் கிடைப்பது அரிது. நாளைக்கு அவர் விமானத்தைப் பார்க்க வரும் பொறியாளர் அந்த வகையை முதல்முறை பார்ப்பவராக இருப்பார். நீங்கள் நன்றாகக் கட்டினீர்கள் என்று உங்கள் வாக்கை நம்பி அவர் கையெழுத்துப் போட முடியாது. அவருக்குத் திறந்து காட்ட வேண்டும்.

எரிபொருள் தொட்டியைப் பற்றி மட்டும் என் கருத்து சற்று வேறு. சிறகுக்குள்ளேயே அமைந்த தொட்டியில் கூடுதல் பேனல் என்பது கூடுதலாக ஒரு கசிவு வாய். சீலண்ட் பூசி மூடினாலும் ஆண்டுகள் போகப் போக விளிம்பு இளகும். எனவே அங்கே வரைபடத்தில் உள்ள ஒரே மூடி போதும், புதிதாக எதுவும் வேண்டாம். அசையும் பாகம் எதுவுமே இல்லாத, நீர் தேங்கவும் வழியில்லாத சிறகு நுனிப் பகுதிகளுக்கும் பெரிய பேனல் தேவையில்லை. விரல் தடிமனில் ஒரு துளையும் அதை அடைக்க ரப்பர் மூடியும் இருந்தால் போதும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள போர்ஸ்கோப் கேமராவை அதன்வழி விட்டு உள்ளே முழுக்கப் பார்க்கலாம். இன்று அந்தக் கேமரா சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, செல்போனிலேயே படம் தெரிகிறது. ஆனால் கேமரா பார்க்கும், நட்டை இறுக்காது. பொடியைச் சுரண்டாது. அரிப்புத் தடுக்கும் எண்ணெயை ரிப்பின் இடுக்கில் பீய்ச்சாது. அதற்குக் கை வேண்டும்.

உச்சிப்புளியிலிருந்து சிறிது தூரம் ரயிலில் போனால் பாம்பன். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலம், 2022 டிசம்பரில் ரயில் நிற்கும்வரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் காற்றில் நின்றது. 1964 டிசம்பர் புயல் அதன் பெரும்பகுதியைத் தூக்கியெறிந்தபோது 46 நாட்களில் மீட்டார்கள். பின்னர் அகலப் பாதைக்காக வலுப்படுத்தினார்கள். அந்தப் பாலத்தின் இரும்பு எங்கும் மறைந்திருக்கவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் ஆள் எட்டிச் சுரண்டலாம், பெயின்ட் அடிக்கலாம், கெட்டதைக் கழற்றி வேறு மாட்டலாம். கடைசியில் நடுவிலுள்ள திறக்கும் பகுதி அரிப்பால் தளர்ந்தபோதும், விபத்து நேரும் முன்பே ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதையும் அவ்வப்போது ஆள் ஏறிப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆகவே, கடற்கரையில் விமானம் கட்டும் எவருக்கும் என் தீர்ப்பு இது: வரைபடத்தில் உள்ள பேனல் ஒன்றைக்கூட நீக்காதீர்கள். அழகுக்காக நீக்காதீர்கள், நூறு கிராம் மிச்சம் பிடிக்க நீக்காதீர்கள். கூடுதலாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால், தகட்டில் கத்தரி வைக்கும் முன்பு வடிவமைத்தவருக்கு எழுதி, துளையின் இடம், அளவு, டப்ளரின் தடிமன் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழ்த்தகட்டை அடிக்கும் நாளைக்கு முந்தின நாள், சிறகின் உட்பக்கம் முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தப் பேனலுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று விமானத்தின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அதை வாங்கிப் பறக்கப்போகிறவருக்கு அந்தப் பக்கம் தேவைப்படும்.